சாய்வுத் தடுப்புத் தண்டு

சாய்வுத் தடுப்புத் தண்டு என்பது மகிழுந்தின் இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் எஃகுத் தண்டு ஆகும். பணிமனைகளில் இது ஸ்டெபிலைசர் பார் எனப்படுகிறது. வளைவுகளில் இது முறுக்கத்தை எதிர்த்து, வண்டி ஒருபக்கமாகச் சாய்வதைக் குறைக்கிறது.

திண்மத் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும். 20 மி.மீ. தண்டை அதே வடிவிலான 22 மி.மீ. தண்டாக மாற்றினால் விறைப்பு ஏறத்தாழ 46% கூடும். பின்புறத்தில் மட்டும் மிகத் தடித்த தண்டைப் பொருத்தினால், ஈரச் சாலை வளைவில் பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வண்டி சுழலக்கூடும்.

பொருத்திய பின் சத்தம் எழுந்தால், பெரும்பாலும் தண்டு காரணமன்று. தண்டைத் தாங்கும் பாலியூரித்தேன் புஷ்கள் உலர்ந்தால் கிறீச்சொலி எழும். சிலிக்கோன் கிரீஸ் இட்டால் அடங்கும். மேடுபள்ளத்தில் 'டக்' என்ற ஒலி கேட்டால், தண்டின் முனைகளிலுள்ள லிங்க்குகள் தேய்ந்துள்ளனவா, போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.