வலது கோடியில் நிற்பவர் யார்?

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. மொத்தம் 43 பேர். காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவோடு 'குட்மார்னிங்', ராத்திரி பத்து மணிக்கு நிலாவோடு 'குட்நைட்', நடுவில் 'வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு' வகையறா வைத்தியம். இதைத் தாண்டி அங்கே பெரிதாக எதுவும் நடந்துவிடாது.

அந்த குரூப்பில்தான் போன பொங்கலுக்கு முன்னால் ஒரு குண்டு வந்து விழுந்தது. கும்பகோணத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்த சித்தப்பா மகன், சட்டம் போட்ட ஒரு பழைய போட்டோவைக் கண்டெடுத்து, அதை செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். நாற்காலிகளில் தாத்தாவும் பாட்டியும். தரையில் சம்மணம் போட்டு, அரை டிரவுசரில் எங்கப்பா. பக்கத்தில் அழப்போகிற முகத்தோடு சித்தப்பா. பின்னால் தாவணியில் அத்தை. வலது கோடியில், கோட்டு போட்ட ஒரு வாலிபர்.

கீழே ஒரே ஒரு கேள்வி: 'வலது கோடியில் நிற்பவர் யார்?'

பதில்கள் குவிந்தன. 'தாத்தாவோட பங்காளி மகன்' என்றார் சித்தப்பா, படத்தில் தானே இருக்கிற தைரியத்தில். 'கடையில கணக்கு எழுதினவர்' என்றது இன்னொரு குரல். 'ஜெமினி கணேசன் மாதிரி இல்லே?' என்று ஒரு சித்தி உருகினார். இன்ஜினீயரிங் படிக்கும் பொடியன் ஒருவன், 'ஸ்டூடியோக்காரரா இருக்கும். அந்தக் காலத்து செல்ஃபி!' என்று எழுதி நாற்பது சிரிப்பு பொம்மைகளை அள்ளிக்கொண்டான்.

ஆக, 43 பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில் யாரோ எழுதினார்கள்: 'அத்தையைக் கேளுங்கப்பா!'

அத்தை குரூப்பில் இல்லை. அவருக்கு வயது 85. கையில் இருப்பது பட்டன் போன்.

பன்னிரண்டே பன்னிரண்டு!

உங்கள் செல்போனைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். எத்தனை போட்டோ இருக்கிறது? என்னுடையதில் பதினோராயிரத்துச் சொச்சம். அதில் பைக் நிறுத்திய இடம், கரன்ட் பில், ஆபீஸ் மீட்டிங்கில் போர்டில் எழுதியது, ஓட்டலில் சாப்பிட்ட நெய் ரோஸ்ட் என்று பாதிக்குப் பாதி குப்பை. எங்கப்பா முப்பது வயது வரைக்கும் எடுத்துக்கொண்ட மொத்தப் படங்களை எண்ணிப் பார்த்தேன். பதினாலு. அதிலும் நாலு பாஸ்போர்ட் சைஸ்.

அன்றைக்கு போட்டோ என்பது சமாசாரமே வேறு. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். நம்ம சென்னை ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. 1856-லேயே இங்கே புகைப்படச் சங்கம் வைத்துவிட்டார்கள். லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் 1858-ல் மதுரையையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படம் பிடித்திருக்கிறார். ஆனால், கோயிலும் ராஜாவும் தாண்டி, சாதாரணக் குடும்பங்கள் கேமரா முன்னால் வந்து நிற்க இன்னும் பல பத்து வருஷம் ஆயிற்று.

வந்து நின்ற அழகைக் கேட்க வேண்டுமா? பின்னால் திரையில் தாஜ்மகாலோ, எங்கேயும் போய்ச் சேராத மாடிப்படியோ வரைந்திருக்கும். பக்கத்தில் ஸ்டூல். அதன்மேல் பூ ஜாடி, அல்லது ஒயரே இல்லாத டெலிபோன். கோட்டு ஸ்டூடியோவுடையது. கைக்கடிகாரம் சொந்தமாக இருந்தால், அது தெரிகிற மாதிரி கையை முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணப் பெண் என்றால் பின்னால் ஒரு கண்ணாடி உண்டு. முகமும் தெரியணும், பூ தைத்த ஜடையும் தெரியணும், காசு ஒரு படத்துக்குத்தான் கொடுப்போம்! 'சிரிக்காதீங்க, ஆடாதீங்க' என்று அதட்டி அதட்டியே, நம் தாத்தாக்கள் எல்லோரையும் கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சேர்ந்து நின்று ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டி எத்தனையோ பேர். ஒருவர் காலமான பிறகு, இவர் தலையை ஒரு படத்திலிருந்தும் அவர் தலையை இன்னொரு படத்திலிருந்தும் எடுத்து, ஸ்டூடியோக்காரர் சேர்த்துவைத்துவிடுவார். பாட்டிக்கு இருபத்தஞ்சு வயது, தாத்தாவுக்கு அறுபது என்று சுவரில் மாட்டியிருந்தால் மிரளாதீர்கள். அது கத்தரிக்கோல் செய்துவைத்த கல்யாணம்.

பிறகு வீட்டுக்கு வீடு கேமரா வந்தது. 'அக்ஃபா கிளிக் த்ரீ' ஞாபகமிருக்கிறதா? உங்கள் பெரியப்பாவுக்கு இருக்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே பன்னிரண்டு படம். பதினொன்று எடுத்துவிட்டு, பன்னிரண்டாவதை அடுத்த தீபாவளிக்கு பத்திரப்படுத்தின புண்ணியவான்கள் உண்டு.

குப்பை இல்லே, சரித்திரம்!

'இதெல்லாம் பழைய குப்பை ஸார், யாருக்கு வேணும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. தொழில், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது. பழைய புத்தகங்களோடு, பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதை எல்லாம் சேர்த்தார். அவரையும் அந்தக் காலத்தில் நாலு பேர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பார்கள். சேர்ந்தது ஏறக்குறைய 1 லட்சம். 1992-ல் அவர் காலமான பிறகு, 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. இன்றைக்கு அது சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரைக்குமான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிப் பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறது. நாம் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடத் துடிப்பதை, அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள்!

அத்தையின் டிரங்குப் பெட்டி

ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் அத்தை முன்னால் உட்கார்ந்தேன். போட்டோவை செல்போனில் பெரிதாக்கிக் காட்டினேன்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது உனக்கு எங்கேடா கிடைச்சுது? அம்மா எல்லாத்தையும் எரிச்சுட்டான்னு இல்லே நெனச்சேன்."

"யாரு அத்தை இது?"

"உன் பெரியப்பாடா."

எனக்குப் பெரியப்பா என்று ஒருத்தர் இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும்.

அத்தை எழுந்துபோய், கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுக்கச் சொன்னார். உள்ளே பட்டுப்புடவைக்குக் கீழே நீளமான ஒரு கணக்கு நோட்டு. தாத்தா வேலை. கணக்கு எழுத வாங்கிய நோட்டில், கையில் கிடைத்ததை எல்லாம் மைதாப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். 1948-ல் காந்தி சுடப்பட்டபோது வந்த பேப்பர் துண்டு. அத்தை கல்யாணப் பத்திரிகை. அப்பாவின் பள்ளிக்கூட பீஸ் ரசீதுகள். அதற்கப்புறம் வரிசையாக, பக்கம் பக்கமாக, மணியார்டர் கூப்பன்கள்.

மணியார்டர் ஃபாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் இருக்கும். தபால்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்துக் கையில் தருவார். பம்பாயிலிருந்து மாதாமாதம் வந்த துண்டுகள் அவை. 1957-ல் ஆரம்பம். சின்னச் சின்ன எழுத்து. 'ரூ. 15 அனுப்பியுள்ளேன். தம்பிக்கு முதலில் பீஸ் கட்டவும். எனக்கு இங்கே சாப்பாட்டுக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை.' அடுத்த மாதமும் அதே. அதற்கடுத்த மாதமும் அதே. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை என்று ஒருத்தன் மாதாமாதம் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று, பேச்சிலராக ரூம் எடுத்துத் தங்கிய யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"பம்பாய்க்குக் கிளம்புற அன்னிக்குக் காலையிலதான் அந்தப் படம் எடுத்தது. கோட்டு ஸ்டூடியோவோடது. உங்கப்பன் படிச்சது, உத்தியோகத்துக்குப் போனது எல்லாம் அந்தப் பதினஞ்சு ரூபாயிலதான்" என்றார் அத்தை.

கடைசிக் கூப்பன் 1962. அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு தந்தி. மஞ்சள் காமாலை. இருபத்தாறு வயது. தகவல் வந்து சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

"அம்மா அதுக்கப்புறம் அவன் பேரை வீட்டுல யாரையும் சொல்ல விடலே. படத்தை எல்லாம் எடுத்து அடுப்புல போட்டா. அப்பாதான் இந்த நோட்டை மட்டும் எங்கிட்ட கொடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னார். அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எவனும் கேக்கலே, நானும் சொல்லலே."

அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், அந்தக் கோட்டு போட்ட மனிதர் காலம் முழுக்க 'கடையில் கணக்கு எழுதினவர்' ஆகவே இருந்திருப்பார்.

பரணில் இருப்பது பத்திரமில்லை

சென்னை திரும்பி ஆபீஸில் இதைச் சொன்னபோது, பக்கத்து சீட் நண்பர் பேசாமல் இருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள் அடையாறு வந்துவிட்டது. "ஃபிரிட்ஜ் போச்சு, டி.வி. போச்சு, திரும்ப வாங்கிட்டோம். ஆல்பத்தை எந்தக் கடையில வாங்குறது?" என்றார். அம்மாவின் ஒரே கல்யாணப் படம் அதில்தான் இருந்ததாம்.

ஆகவே, இளைஞர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கிரிக்கெட் ஒருநாள் உங்களை விட்டுவிட்டு நடக்கட்டும்.

1. முதல் வேலை, வீட்டில் வயதானவர் பக்கத்தில் உட்காருவது. ஆல்பத்தைப் புரட்டும்போது செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். 'இது யாரு?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'எதுக்காக எடுத்தீங்க?' என்று கேளுங்கள். கதை அங்கேதான் இருக்கிறது.

2. படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். முன்பக்கம் தழும்பு விழும், மையும் ஊறும். பழைய காகிதப் படம் என்றால் மெத்தென்ற பென்சிலால் லேசாக எழுதலாம். பெயர், ஊர், வருஷம் மூன்றும் அவசியம். 'நான்' என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். பேரனுக்குத் தெரியாது!

3. ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய ஆல்பங்களில் இருந்து படங்களை மெதுவாக மீட்டெடுங்கள். அந்தப் பசை படத்துக்கு எமன். வராவிட்டால் பிய்க்க வேண்டாம், அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்துக்கும் இதே வைத்தியம்தான்.

4. எழுபது, எண்பதுகளில் எடுத்த கலர் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது, தாங்கும். கலர் படம் சாயத்தால் ஆனது, வெளுத்துக்கொண்டே போகும். சின்னப் படங்களுக்கு 600 டி.பி.ஐ. வையுங்கள். செல்போனில் எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

5. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டில். மூன்று இடத்தில் இருந்தால்தான் நிம்மதி.

6. பரண் வேண்டாம். வெயிலும் கரையானும் அங்கேதான் குடியிருக்கும். மைதாப் பசை என்றால் பூச்சிகளுக்கு விருந்துச் சாப்பாடு. காற்றாடும் அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள்.

7. படங்கள் தண்ணீரில் நனைந்துவிட்டால், ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகப் பிரித்து அலசி, முகம் மேலே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள்.

தாத்தாவின் கணக்கு நோட்டை இப்போது பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துவிட்டேன். 43 பேருக்கும் அனுப்பினேன். 'செல்ஃபி' என்று எழுதிய பொடியன் அன்று ராத்திரி எனக்குத் தனியாக போன் செய்தான். "சித்தப்பா, நான் எழுதினதை அழிச்சுட்டேன்" என்றான்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அன்று கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டேன்.

"பெரியப்பா பேரு என்ன அத்தை?"

அத்தை சிரித்தார். "உங்கப்பன் பிடிவாதமா வெச்சாண்டா. அம்மா எவ்வளவோ அழுதா. கேக்கலே."

சின்ன வயதில் எனக்கு ஒரு குறை உண்டு. பாட்டி மற்றப் பேரன்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை மட்டும் 'ராஜா, ராஜா' என்பார். ஒரு நாள்கூட என் பெயரைச் சொன்னதில்லை. என்னைப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.