யூரியா மட்டும் போட்டால் தீவனத்தில் புரதம் ஏறுமா?

தாயில்பட்டி பக்கம் கந்தகம் என்றாலே பட்டாசுதான் நினைவுக்கு வரும். ஆனால், அங்குள்ள கரிசல் காட்டில் மாட்டுக்காக வளரும் சோளத்துக்கும் கந்தகம் வேண்டும். அது குறைந்தால், பயிர் ஓங்கி வளர்ந்தாலும் புரதம் தரமாக இருக்காது. ஏன்?

புரதம் எப்படி உருவாகிறது?

மண்ணிலிருந்து பயிர் எடுக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்தான் புரதத்துக்கு அடிப்படை. ஆனால் மெத்தியோனின், சிஸ்டைன் என்ற இரு அமினோ அமிலங்களுக்குக் கந்தகமும் தேவை. அது கிடைக்காவிட்டால் செடியால் புரதத்தை முழுசா உருவாக்க முடியாது. எடுத்த நைட்ரஜன் நைட்ரேட்டாகத் தண்டிலும் இலையிலும் தேங்கிவிடும்.

லேப் ரிப்போர்ட் போதுமா?

தீவனத்தின் நைட்ரஜன் அளவை 6.25-ஆல் பெருக்கி ‘கச்சாப் புரதம்’ என்பார்கள். நைட்ரஜன் 1.6% இருந்தால் கச்சாப் புரதம் 10%. புரதமாக மாறாத நைட்ரஜனும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

மாட்டுக்கு என்ன பாதிப்பு?

மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள், புரதம் அல்லாத நைட்ரஜனையும் ஓரளவு புரதமாக்கும். அதற்கும் கந்தகம் வேண்டும்: 10 முதல் 12 பங்கு நைட்ரஜனுக்கு 1 பங்கு.

சோளத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இளம் பயிரிலும், மழையில்லாமல் வாடிய பயிரிலும் சயனைடு நஞ்சு உருவாகும். அதை முறிக்கவும் மாட்டின் உடல் கந்தகத்தையே செலவழிக்கிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் நைட்ரேட், சயனைடு இரண்டும் கூடும். அதனால் சோளத்தைப் பூத்த பிறகு அறுத்துப் போடுவதே பாதுகாப்பு.

கரிசலில் என்ன குறை?

அதிகம் பயன்படும் யூரியா, டிஏபி இரண்டிலும் கந்தகம் கிடையாது. சுண்ணாம்பு கலந்த கரிசலில் துத்தநாகமும் பயிருக்கு எளிதில் கிடைக்காது. புரதம் உருவாக அதுவும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

* முதலில் மண் பரிசோதனை. 2015-ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் பார்க்கப்படும் 12 அளவுகளில் கந்தகமும் துத்தநாகமும் உண்டு.
* குறை தெரிந்தால், யூரியாவில் ஒரு பகுதிக்குப் பதில் அமோனியம் சல்பேட் போடலாம். அதில் சுமார் 24% கந்தகம். ஜிப்சமும் உதவும். துத்தநாகக் குறைக்கு ஜிங்க் சல்பேட்.
* சோளத்தோடு தட்டைப்பயறு கலந்து விதைத்தால், தீவனத்தின் மொத்தப் புரதம் கூடும்.

பட்டாசுக் கந்தகத்தைப் போடலாமா?

கூடவே கூடாது. பட்டாசு ஆலையில் மிஞ்சும் தூளில் பேரியம் போன்ற நச்சு உப்புகள் கலந்திருக்கலாம். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. உரக்கடையில் கிடைப்பதே போதும்.