மெரினாவில் இவ்வளவு மணல் எப்படி வந்தது? கால் நனைக்கப் போறவங்க கவனிங்க!

சென்னை: ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கியதும் வரும் முதல் கேள்வி, "பீச்சுக்கு எப்போ கூட்டிட்டுப் போவீங்க?" என்பதுதான். டிக்கெட் கிடையாது. ஒரு பொட்டலம் சுண்டல், பிள்ளைகளுக்கு ஒரு ராட்டினம் போதும், சாயங்காலம் போவதே தெரியாது.

ஆனால் காமராஜர் சாலையில் பஸ்சை விட்டு இறங்கி மணலில் கால் வைத்ததும் பாட்டிமார்கள் கேட்பது வேறு. "தண்ணி எங்கடா? இவ்ளோ தூரம் நடக்கணுமா?"

அந்த மணலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே இவ்வளவு மணல் கிடையாது. வெள்ளைக்காரன் கோட்டை கட்டிய காலத்தில் கடல் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்று கோட்டை வாசலில் நின்றால் கடலையே காணோம்!

எல்லாம் துறைமுகம் செய்த வேலை. 1875ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881ல் வந்த புயல் அதைப் புரட்டிப் போட்டது. விடாமல் மறுபடியும் கட்டினார்கள்.

நம்ம கடலோரத்தில் அலை மணலை வாரிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். சில மாதம் தெற்கே, சில மாதம் வடக்கே. வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அதன் குறுக்கே கல் சுவர் வந்ததும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. அப்படி வளர்ந்ததுதான் மெரினா. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு இந்தப் பெயரையும் வைத்தார்.

தெற்கே மணல் சேர்ந்தால் வடக்கே என்ன ஆகும்? ராயபுரம், காசிமேடு பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. அங்கே இன்று கரை ஓரம் பாறாங்கல்லாகக் கொட்டி வைத்திருப்பது அதனால்தான். இங்கே நாம் சுண்டல் தின்னும் மணல், வடசென்னைக்காரர்கள் இழந்த மணல்!

சரி, மணல் பெரிசு. கடல்? அங்கேதான் ஆபத்து.

மெரினாவில் கரை சட்டென்று சரியும். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவர் ரெண்டு எட்டு வைத்தால் கழுத்தளவு வந்துவிடும். அதோடு, கரைக்கு வந்த அலைத் தண்ணீர் எல்லாம் ஒரு குறுகிய வழியாகச் சேர்ந்து கடலுக்குள் திரும்பி ஓடும். அந்த இழுப்பில் சிக்கினால் நல்லா நீச்சல் தெரிந்தவரும் திணறிப் போவார்.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், அந்த இடத்தில் அலை அடிக்காது. பார்க்க அமைதியாக இருக்கும். "இங்க அலையே இல்ல, பிள்ளைங்கள இறக்கலாம்" என்று நம்ம ஆளுங்க அங்கேதான் இறங்குகிறார்கள்.

சிக்கினால் கரையைப் பார்த்து நேராக நீந்தக்கூடாது. தெம்பு போய்விடும். மிதந்தபடி கையைத் தூக்கிக் கத்த வேண்டும். முடிந்தால் கரைக்குப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுப்பு அகலமாக இருக்காது. அதைத் தாண்டினால் அலையே கரைப் பக்கம் தள்ளும். காப்பாற்றுகிறேன் என்று கூட இருப்பவர் குதித்தால் ரெண்டு உயிர் போகும். காலி தண்ணீர் கேன், கயிறு எதையாவது வீசி, 112க்கோ கடலோர பாதுகாப்புக் குழும போலீசாரின் 1093க்கோ போன் போட வேண்டும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவைப் பார்க்காதவர் இருக்க முடியாது. எத்தனை சினிமா பாட்டு அங்கே எடுத்தார்கள்! ஜோடி ஜோடியாக போட்டோ பிடிக்கிறார்களே, அது 1930 டிசம்பர் 30ந்தேதி மற்றவர்களைக் காப்பாற்றப் போய் கடலில் மூழ்கி இறந்த ஷ்மிட் என்ற ஐரோப்பியரின் நினைவுச் சின்னம்.

காணும் பொங்கல் அன்று போலீசார் கட்டை கட்டி மறிப்பதும், மைக்கில் கத்துவதும், குழந்தைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டுவதும் சும்மா இல்லை. அன்றைக்கு மட்டும் கடல் கோபமாக இருப்பதும் இல்லை. மற்ற நாளும் அதே கடல்தான்.

தண்ணீரில் இறங்காவிட்டால் வேறென்ன பார்ப்பது என்றால், நிறைய இருக்கிறது.

வடக்கே உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பும் 4 பேரை வடித்தவர் ராய் சௌத்ரி. வைத்தது 1959ல். இந்தியாவிலேயே முதன் முதலாக 1923ல் மே தினம் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். கொண்டாடியவர் மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர்.

கொஞ்சம் தள்ளி ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியை வைக்க 1842ல் கட்டிய கட்டிடம். 1897ல் விவேகானந்தர் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம்.

அங்கிருந்து திருவல்லிக்கேணிக்குள் நுழைந்தால் பார்த்தசாரதி கோயில். நடக்கிற தூரத்தில் 1795ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. ரம்ஜான் மாதத்தில் இந்த மசூதியில் நோன்பு திறப்பவர்களுக்கு பல வருஷமாக சாப்பாடு செய்து பரிமாறுவது யார் தெரியுமா? பிரிவினையில் பாகிஸ்தானை விட்டு வந்த சிந்தி இந்துக்களின் குழு!

தெற்குக் கோடியில் சாந்தோம் தேவாலயம், உள்ளே புனித தோமையார் கல்லறை. இப்போதுள்ள கட்டிடம் 1896ல் கட்டியது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலும் முன்பு கடலோரம்தான் இருந்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்து, பிறகு இப்போதுள்ள இடத்துக்கு வந்தது.

மொத்தக் கடலையும் கால் நனையாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கலங்கரை விளக்கம். பாதுகாப்பு காரணத்தால் பல வருஷம் மூடிக்கிடந்து 2013 நவம்பர் 14ந்தேதி மறுபடி திறந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது, பெரியவர்களும் போகலாம். திங்கட்கிழமை லீவு, மத்தியானம் கொஞ்ச நேரம் மூடுவார்கள். பறக்கும் ரயிலில் அதே பெயரில் ஸ்டேஷன் இருக்கிறது. வடக்கிலிருந்து பார்த்து வர நினைப்பவர்கள் சேப்பாக்கத்தில் இறங்கலாம்.