நடு பருத்து, முனை மெலிந்து

சூரை மீனைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால், கையில் தட்டுவது மிகக் குறைவு. கண் பிதுங்கி நிற்காமல் முகத்தோடு சமமாக இருக்கும். முதுகின் முன்துடுப்பு மடிந்து ஒரு பள்ளத்துக்குள் ஒடுங்கிவிடும். முன்னே கூர், நடுவில் பருமன், பின்னே மெலிவு. உயிரியலார் இதைக் கதிர் வடிவம் என்கிறார்கள். ராட்டைக் கதிரில் நூல் ஏற ஏற நடு பருத்து, இரு முனையும் ஒல்லியாகவே நிற்குமே, அதுதான்.

நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதில் விரையும் உடலுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பெரும் தொல்லை. பின்புறம் மொட்டையாக முடிந்தால், விலகிய நீர் ஒன்றுசேர முடியாமல் சுழல்களாக உடைந்து உடலைப் பின்னுக்கு இழுக்கும். படிப்படியாக மெலிந்தால் நீர் உடலை ஒட்டியே வழிந்து பின்னால் கூடிவிடும். அதற்காக ரொம்பவும் நீண்டு மெலிந்தாலும் ஆகாது. தோல்பரப்பு கூடி உராய்வு மிகும். மீனான சூரை, பாலூட்டியான டால்பின், டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவான இக்தியோசார் மூன்றும் தனித்தனியே இதே உடல்வாகுக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் முள்ளங்கிக்கும் இதே பெயர்தான், அது எங்கும் நீந்தப் போவதில்லை! சேமித்த உணவால் நடு பருத்திருக்கிறது, அவ்வளவே. மேலே தடித்துக் கீழே கூராகும் கேரட்டைத் தாவரவியலார் கூம்பு வடிவம் என்று தனியே பிரிப்பார்கள். குடல் சுவரில் உள்ள வரியற்ற தசைச் செல்களும் கதிர் வடிவம்தான். ஒன்றின் பருத்த நடு, பக்கத்துச் செல்லின் மெலிந்த முனையோடு பொருந்தி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். பெயர் உருவத்தை மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதிக் குழப்பம் தீரும்.

மருத்துவத்தில்தான் இந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். தமனிச் சுவர் பலவீனமாகி ஒரு பக்கம் மட்டும் பிதுங்கினால் பை வடிவ வீக்கம். முழுச்சுற்றும் பருத்து இருபுறமும் ஒடுங்கினால் கதிர் வடிவ வீக்கம். மூளைத் தமனியில் வரும் பை வீக்கத்துக்குப் பெரும்பாலும் கழுத்து இருக்கும். அதில் சிறு கிளிப் மாட்டி, ரத்தம் உள்ளே போகாமல் தடுத்துவிடலாம். கதிர் வடிவ வீக்கத்துக்குக் கழுத்தே கிடையாது. கிளிப்பை எங்கே மாட்டுவது? குழாயையே அடைத்தால் அதற்கப்பால் உள்ள மூளைப் பகுதிக்கு ரத்தம் நின்றுபோகலாம். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டதுமே, குழாய்க்குள் ஸ்டென்ட் வைப்பதா, ரத்தத்துக்கு மாற்றுப் பாதை தைப்பதா என்று மருத்துவர்கள் வேறு வழிகளை யோசிக்கத் தொடங்குகிறார்கள்.