கரைக்கு ஒரு படப்போட்டி

கரையோரப் புகைப்படப் போட்டி என்பது, ஒரு கரையின் பக்கத்தில் வாழ்பவர்களே அந்தக் கரையைப் படமெடுத்துப் பொதுவில் வைக்கும் ஏற்பாடு. தொழில்முறைக் கலைஞர்களுக்கான பரிசுப் போட்டியில் படம் பேசினால் போதும். இங்கே எடுத்த இடம், எடுத்த நாள், படத்தில் இருக்கும் உயிர் எது என்பவையும் சேர்ந்துதான் மதிப்பு. கலந்துகொள்பவர் பள்ளி மாணவியாக இருக்கலாம், மீன் விற்பவராக இருக்கலாம், காலை நடைக்கு வரும் ஓய்வூதியராகவும் இருக்கலாம். தினமும் ஒரே கரையைப் பார்த்துப் பழகிய கண்தான் இந்தப் போட்டிக்கு மூலதனம்.

தமிழில் கடலுக்கும் ஆற்றுக்கும் ஏரிக்கும் கரை என்று ஒரே சொல். புனேயின் விமான் நகரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் கைகொடுக்கிறது. விமான நிலையத்தை ஒட்டி வளர்ந்த அந்தக் குடியிருப்புப் பகுதிக்குக் கடல் இல்லை, கரை உண்டு. சில கிலோமீட்டர் தள்ளி, கல்யாணி நகர், எரவாடா ஓரமாக முளா-முட்டா ஆறு ஓடுகிறது. அரபிக் கடல் மேற்கே நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நடுவில் சஹ்யாத்திரி மலை நிற்பதால் ஆறு அந்தப் பக்கம் போவதில்லை. கிழக்கே திரும்பி பீமாவில் கலந்து, பீமா கிருஷ்ணாவில் கலந்து, ஆந்திரத்தின் ஹம்சலதீவி அருகே வங்காள விரிகுடாவைச் சேர்கிறது. விமான் நகரில் பெய்யும் மழைக்குக் கடல் என்று ஒன்று இருக்குமானால், அது மெரினாவில் அலையடிக்கும் அதே கடல்தான்.

இவ்வகைப் போட்டிகளில் இன்று உலகம் முழுதும் பரவியிருப்பது ‘சிட்டி நேச்சர் சேலஞ்ச்’. 2016-இல் கலிபோர்னியாவின் இரண்டு கடலோர நகரங்களான லாஸ் ஏஞ்சலஸும் சான் பிரான்சிஸ்கோவும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பந்தயம் அது. எந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் செடி, பூச்சி, பறவை, நண்டு ஆகியவற்றை அதிகமாகப் படமெடுத்துப் பதிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி. இரண்டு ஊர்களின் இயற்கை அருங்காட்சியகங்கள் முன்னின்று நடத்தின. ஒரு வாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 20,000-க்கும் அதிகமான பதிவுகளைச் சேர்த்தார்கள். 2018-இல் அது பன்னாட்டுப் போட்டியானது. 2024-இல் 690 நகரங்கள் கலந்துகொண்டன. ஏப்ரல் கடைசியில் நான்கு நாள் படமெடுப்பதற்கு. அதன்பின் சில நாட்கள் படத்தில் இருப்பது என்ன என்று அடையாளம் காண்பதற்கு. தொடர்ந்து சில ஆண்டுகள் பதிவு எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த ஊர் பொலிவியாவின் லா பாஸ். கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரத்தில், கடலே இல்லாத நாட்டில் இருக்கும் நகரம் அது. கடலில்லாத ஊரும் இந்த ஆட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பதிவுகள் சேரும் இடம் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்ற பொதுத்தளம். 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் மூவரின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. கைபேசியில் எடுத்த படம் போதும். நாளும் இடமும் படத்தோடு ஏறும். பெயர் தெரியாவிட்டால் ‘நண்டு’ என்று மட்டும் எழுதி விட்டுவிடலாம். நண்டுகளை அறிந்த ஒருவர் எங்கிருந்தோ வந்து சரியான பெயரைச் சொல்வார். குறைந்தது இருவர் ஒத்துக்கொண்டு, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே கருத்தில் இருந்தால் அந்தப் பதிவு ஆய்வுக்குத் தகுதி பெறும். அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்றால் அது இருக்கும் சரியான இடத்தைத் தளம் தானாகவே மங்கலாக்கிவிடும். வேட்டைக்காரருக்கு வழி காட்டும் படமாக அது ஆகிவிடக் கூடாது என்பதற்காக.

ஊர்க்காரர்கள் எடுக்கும் படம் ஒரு கரைக்கு என்ன செய்யும் என்பதை மகாராஷ்டிரத்திலேயே பார்க்கலாம். மும்பையின் கடல் என்றால் குப்பையும் சாக்கடையும்தான் என்பது பலரின் எண்ணம். 2017-இல் பிரதீப் பாதடேயும் நண்பர்களும் ‘மரைன் லைஃப் ஆஃப் மும்பை’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். கடல் உள்வாங்கும் நேரத்தில் ஹாஜி அலி, கிர்காவ், ஜூஹு கரைகளுக்குப் பொதுமக்களை அழைத்துப்போய், பாறைக் குட்டைகளில் இருப்பதைக் குனிந்து பார்க்க வைத்தார்கள். கடல் சாமந்தி, கடல் அட்டை, கணவாய், எண்காலி, துறவி நண்டு, பஞ்சுயிரி, இவற்றோடு உயிருள்ள பவளமும் அங்கே இருந்தது. மாநகரத்தின் போக்குவரத்து விளக்குக்கு அருகிலேயே பவளம் வளர்கிறது என்பதைப் படம் இல்லாமல் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கரைநடைக்குக் கடிகாரம் நிலவுதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரமாக ஏறி, மிக ஆழமாக இறங்கும். சாதாரண நாளில் நீருக்கடியில் இருக்கும் பாறை அப்போது ஓரிரு மணி நேரம் வெளியே தெரியும். மராத்தியில் ஏறுவதை பரதி என்றும் இறங்குவதை ஓஹோட்டி என்றும் சொல்கிறார்கள். இந்த ஏற்ற இறக்கமே ஓதம். மும்பையில் பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். சென்னையில் அது ஒரு மீட்டரைச் சுற்றியே நிற்கும். கரையும் பெரும்பாலும் மணல். எனவே மும்பைக் கரையில் எடுக்கும் பாறைக்குட்டைப் படத்தை மெரினாவில் எதிர்பார்க்க முடியாது. மெரினாவின் செல்வம் வேறு: மணலில் ஓடும் நண்டு, இரவில் முட்டையிட வரும் ஆமை, கரைவலை இழுக்கும் கைகள். போட்டி நடத்துபவர் தம் கரையின் இயல்பை முதலில் அறிந்திருக்க வேண்டும். நாளையும் நேரத்தையும் அலுவலக வசதிக்கு வைத்தால், கடல் ஏறி நிற்கும் நேரத்தில் பங்கேற்பாளர்கள் வெறும் தண்ணீரைப் படமெடுத்துத் திரும்புவார்கள்.

மும்பையின் படங்கள் அழகோடு நின்றுவிடவில்லை. கரையோரச் சாலைத் திட்டம் வந்தபோது, அந்தப் பாறைகளில் என்ன வாழ்கிறது என்ற கேள்வி பொதுவெளியில் எழுந்தது. பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் திட்டத்துக்கு அளிக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைக்க, வேலை தொடர்ந்தது. 2020-இல் வர்லி, ஹாஜி அலி கரைகளிலிருந்து 18 பவளக் கூட்டங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் பொருத்தப்பட்டன. சாலை வந்துவிட்டது. ஆனால் அங்கே எதுவும் இல்லை என்று இனி யாராலும் எழுத முடியாது. நாளும் இடமும் குறித்த படங்கள் இருக்கின்றன.

நடுவர் தேர்ந்தெடுக்கும் அழகுப் போட்டிகளும் உண்டு. அவற்றில் கரையோரத்துக்கு நெருங்கியது, ‘மாங்குரோவ் ஆக்‌ஷன் ப்ராஜெக்ட்’ அமைப்பு 2015 முதல் நடத்தும் சதுப்புநிலக் காட்டுப் புகைப்பட விருது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் உள்ள அலையாத்திக் காடுகளின் இனம்தான் அதன் பொருள். 2023-இல் முதல் பரிசு பெற்றவர் சோஹம் பட்டாசார்யா. படத்தில் சுந்தரவனத்தின் பெண் புலி. 2024-இல் அதே சுந்தரவனம், வேறு கலைஞர்: சுப்ரதிம் பட்டாசார்ஜி. அந்தப் படத்தில் புலி இல்லை. பிரேசர்கஞ்சில் கடல் அடித்துக்கொண்டு போன தன் வீட்டின், தேநீர்க் கடையின் முன்னால் ஒரு சிறுமி நிற்கிறாள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரே காட்டின் இந்த இரண்டு முகங்களையும் தேர்ந்த நடுவர்கள் பாராட்டுக்குரியவர்கள். கரையைக் கொண்டாடுவது என்றால் நீலவானத்தையும் சூரிய உதயத்தையும் கொண்டாடுவது என்று பல உள்ளூர்ப் போட்டிகள் நினைத்துவிடுகின்றன. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததும், 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதும் அதே கரையின் செய்திகள்தான். அவற்றுக்கு இடம் தராத போட்டி பாதிக் கரையைத்தான் காட்டும்.

படமெடுப்பதில் கரைக்குக் கேடு வராமல் இருப்பது அடுத்த விஷயம். கல்லைப் புரட்டினால் பழையபடியே திருப்பி வைக்க வேண்டும். அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் உயிர்கள் வெயிலில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். நண்டை எடுத்து வசதியான மணலில் வைத்துப் படமெடுத்தால் அது பதிவாகாது, ஜோடனை. பங்குனி ஆமை என்று மீனவர் அழைக்கும் சிற்றாமை, தை முதல் பங்குனி வரை சென்னைக் கரையில் முட்டையிட வருகிறது. பிளாஷ் வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பக்கூடும். குஞ்சுகள் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தெருவிளக்கை நோக்கி ஊரும். 1988 முதல் ஆமைநடை நடத்திவரும் சென்னை மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினருக்கு இது நன்றாகத் தெரியும். போட்டி விதிகளில் இது முதல் வரியாக இருக்க வேண்டும்.

மனிதர்களைப் பற்றிய விதி இன்னும் முக்கியம். கரைவலை இழுப்பவர், கருவாடு காயவைக்கும் பெண் ஆகியோரின் படம் பரிசு வாங்கும்போது அவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை. சில நேரம் படம் எடுக்கப்பட்டதே தெரிவதில்லை. இதற்கு நல்ல மாற்று, கேமராவை அவர்கள் கையிலேயே கொடுப்பது. மீன் விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்த மதுரைப் புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், மீனவக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் படமெடுக்கக் கற்றுத்தருகிறார். சென்னை ஊரூர்-ஆல்காட் குப்பத்து மீனவர் எஸ். பாளையம், காற்றையும் நீரோட்டத்தையும் பற்றித் தொடர்ந்து எழுதிவைத்த குறிப்புகளால் அறியப்பட்டவர். வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் கடலின் நிறம் எப்படி மாறும் என்று அறிந்தவர் கையில் கேமரா இருந்தால், வெளியூர்க்காரர் பார்க்காத படம் கிடைக்கும்.

பரிசு முடிந்தபின் படம் யாருடையது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது எடுத்தவருக்கே உரிமை; அவர் வாழ்நாள் முழுதும், இறந்தபின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். நுழைவுப் படிவத்தில் சிறிய எழுத்தில் ‘எல்லா உரிமையும் நடத்துபவருக்கே’ என்று எழுதும் வழக்கம் நியாயமற்றது. விக்கிப்பீடியக் குழுக்கள் இதற்கு வேறு வழி கண்டன. 2013-இல் உக்ரைனில் பிறந்த ‘விக்கி லவ்ஸ் எர்த்’ போட்டிக்கு வரும் படங்களை, எடுத்தவர் பெயரோடு எவரும் பயன்படுத்தலாம். அதற்கும் முன்பே, 2011 முடிவில் தொடங்கி 2012 தொடக்கம் வரை, தமிழ் விக்கிப்பீடியர்கள் இதே முறையில் ஓர் ஊடகப் போட்டி நடத்தினார்கள். வந்த படங்கள் இன்றும் கட்டுரைகளில் பயன்படுகின்றன.

இந்தக் கணக்குகளை முளா-முட்டாவின் கரைக்குப் பொருத்திப் பார்க்கலாம். இங்கே ஓதம் இல்லை. காலக் கணக்கு பருவத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் அணைகள் திறக்கும்போது ஆறு கரைபுரளும். அது வடிந்தபின் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். கல்யாணி நகரை ஒட்டிய சலீம் அலி பறவைப் பகுதியில் மராத்தியர் சக்ரவாக் என்று அழைக்கும் செந்நிற வாத்து இப்படிப் பார்க்கப்பட்டது. ஏப்ரல் கடைசியில் நடக்கும் உலகப் போட்டிக்குள் வலசை வந்தவை பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடும். வெயில் வேறு கொளுத்தும். புனேயின் கரைக்கென்று தனியாக ஒரு போட்டி வைத்தால் டிசம்பர், ஜனவரிதான் பொருத்தம். சட்டகத்துக்குள் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் கழிவுநீர் நுரையும் வரத்தான் செய்யும். அவற்றை வெட்டி எடுக்காமல் அனுப்பச் சொல்ல வேண்டும்.

இந்தக் கரை இப்போது மாறிக்கொண்டும் இருக்கிறது. 44 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. கரையோர மரங்களுக்காக 2023 ஏப்ரலில் புனே மக்கள், மரம் காக்கும் சிப்கோ இயக்கத்தின் பெயரில் ஊர்வலம் போனார்கள். திட்டத்தை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் தேவையான ஒன்று, கரை முன்பு எப்படி இருந்தது என்பதற்கான சான்று.

அதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் எளிய வழி இருக்கிறது. 2017-இல் சிட்னியின் மேன்லி, நார்த் நாரபீன் கடற்கரைகளில் தொடங்கிய ‘கோஸ்ட்ஸ்நாப்’ திட்டத்தில், கரையோரம் ஒரு கம்பத்தில் கைபேசி பொருந்தும் எஃகுத் தாங்கி இருக்கும். வருபவர் எவரும் அதில் கைபேசியை வைத்துப் படமெடுத்து அனுப்பலாம். எல்லாப் படமும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில். வரிசையாக வைத்தால் மணல் எவ்வளவு அரித்தது, எவ்வளவு சேர்ந்தது என்று ஆய்வாளர்களால் அளக்க முடிகிறது. கல்யாணி நகரையும் கோரேகாவ் பார்க்கையும் இணைக்கும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அப்படி ஒரு தாங்கி போதும். ஒரு பக்கம் திருப்பினால் மரங்களும் பறவைத் திட்டும், மறுபக்கம் திருப்பினால் நகரம். ஆடியில் ஒரு படம், மார்கழியில் ஒரு படம், மறு ஆண்டு அதே மாதங்களில் மீண்டும்.