முன்னால் நாய், பின்னால் நீங்கள்: தெரியுமா?

ஓட்டப் பந்தயத்தில் கூட ஓடி வருபவரை முந்தினால் தண்டனை என்று எங்காவது கேட்டிருக்கிறீர்களா? கேனிகிராஸ் பந்தயத்தில் அப்படித்தான்! ஹார்னஸ் என்ற உடற்பட்டை மாட்டிய நாயும் அதை வளர்ப்பவரும் ஒரே கயிற்றில் பிணைந்து, காட்டுப் பாதையிலும் மேட்டிலும் சேற்றிலும் ஓடுகிற விளையாட்டு இது. நாய்தான் முன்னால் ஓட வேண்டும். களைத்துப்போன நாயை மனிதர் முன்னால் போய் இழுத்துக்கொண்டு ஓடினால் நடுவர்கள் பொறுக்கமாட்டார்கள். போட்டியை விட்டே நீக்கவும் செய்வார்கள். வேகம் நாயுடையது, பொறுப்பு மனிதனுடையது. இந்த விளையாட்டின் கருவிகள், பயிற்சி, அறிவியல் எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவைதான்.

பனியே இல்லாத நாட்டிலும் நடக்கிற இந்த ஓட்டம் பனியில் பிறந்தது என்பது தெரியுமா? ஸ்லெட் எனப்படும் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனி விழாத மாதங்களில் உடற்பயிற்சி வேண்டுமே! வண்டியை விட்டுவிட்டு, நாயைத் தங்கள் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். துணைப் பயிற்சியாக இருந்தது பிறகு தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. இன்று ஸ்லெட் நாய் விளையாட்டுகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு பனியில்லாத தரைக்கென்றே உலகப் போட்டி நடத்துகிறது. அதில் நாயோடு ஓடுபவர்களும் உண்டு, நாய் இழுக்க சைக்கிளில் பறப்பவர்களும் உண்டு. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைகளில் ஒவ்வொரு கோடையிலும் 'ட்ரோஃபே தே மொந்தாஞ்' என்ற பந்தயம் பல நாட்களுக்குக் கட்டம் கட்டமாக நடக்கிறது. ஒரே நாய், ஒரே மனிதர், அடுத்தடுத்த நாட்களில் மலை ஏறி இறங்க வேண்டும்!

ஸ்லெட் நாயின் கதை எவ்வளவு பழையது என்று நினைக்கிறீர்கள்? சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் ஷோகோவ் என்றொரு சிறு தீவு. அங்கே கிடைத்த ஒரு நாயின் எலும்பிலிருந்து மரபணுவைப் படித்து 2020இல் ஆய்வு வெளியானது. அந்த நாய் வாழ்ந்தது சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன்பு! இன்றைய ஸ்லெட் நாய்களுக்கு அது நெருங்கிய சொந்தம் என்று மரபணு சொல்லிவிட்டது. சறுக்கு வண்டியின் துண்டுகளும் அதே தீவில் கிடைத்திருக்கின்றன. இரும்பு வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே நாயும் மனிதனும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளில் நின்றிருக்கிறார்கள்! இன்னொன்று: 1932இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்ஸில் நாய் வண்டிப் பந்தயம் காட்சிப் போட்டியாக நடந்தது. கனடாவின் எமில் செயின்ட் கோடார்ட் அதில் வென்றார்.

சரி, அந்தக் கயிற்றுக்கு வருவோம். சாதாரணக் கழுத்துப்பட்டையில் கட்டி ஓடினால் என்ன ஆகும்? நாய் இழுக்க இழுக்க அழுத்தமெல்லாம் அதன் மூச்சுக்குழாயில் விழும். காற்று அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் காற்றின் வழியையே நெரிப்பதுதான் அது. அதனால்தான் ஓட்டத்துக்கான ஹார்னஸ் முன்பக்கம் உண்டிவில் கவட்டை வடிவில் இருக்கிறது. தொண்டையைத் தொடாமல் மார்பெலும்பின் மேல் இறங்கி, தோள்மூட்டு முழுசாக அசைய இடம் விட்டு, இழுவையை உடம்பின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகும். மனிதருக்கும் தனிப் பட்டை உண்டு. அது இடுப்பெலும்பில் தாழ்வாக உட்கார வேண்டும். மேலே ஏறி முதுகுத்தண்டைப் பிடிக்காதபடி தொடைகளைச் சுற்றியும் வார் போட்டிருப்பார்கள். இரண்டையும் இணைக்கும் கயிறு சுமார் 2 மீட்டர். அதில் ஒரு பகுதி ரப்பராக நீண்டு சுருங்கும். நாய் திடீரென்று பாய்ந்தாலும், நீங்கள் தடுக்கி நின்றாலும், அந்த அதிர்ச்சி யார் எலும்புக்கும் போகாமல் ரப்பரோடு முடிந்துவிடும்!

இப்போது எஞ்சினைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதுதான் தாங்கி ஓடும் திறனுக்கு அளவுகோல். மனிதரில் உலகத்தர வீரர்களுக்கே 90ஐத் தொடுவது அரிது. பயிற்சி பெற்ற அலாஸ்கா ஸ்லெட் நாய்கள் அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டுகின்றன! நெடுந்தூரப் பந்தய நாட்களில் ஒரு நாய் 10,000 கலோரிக்கு மேல் எரிக்கிறது. இதைவிட அதிசயம் தசைக்குள் நடக்கிறது. முதல் நாள் 160 கிலோமீட்டர் ஓடியதும் தசையில் சேமித்த சர்க்கரை வெகுவாகக் குறைகிறது. நம் உடம்பாக இருந்தால் அடுத்த நாள் எழுந்திருக்கவே முடியாது. இந்த நாய்களோ அடுத்தடுத்த நாட்களும் அதே தூரம் ஓடிக்கொண்டே அந்தச் சேமிப்பை மறுபடி நிரப்பிக்கொள்கின்றன! ஓடும்போதே உடல் கொழுப்பின் பக்கம் தாவிவிடுகிறது. வீட்டு நாய் எல்லாமே இப்படி இல்லை, உண்மைதான். ஆனாலும் உங்கள் சோபாவில் படுத்திருப்பது இந்தக் குடும்பத்தின் வாரிசு.

இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு ஒரே ஒரு பலவீனம், வெப்பம். இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் நினைவில் வைப்பேன் என்றால், தயவுசெய்து இதை வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் மெத்தைகளில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதுதான் அதன் குளிர்விப்பு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேனிகிராஸ் பந்தயங்களுக்கே போய், ஓடி முடித்த நாய்களின் காதில் வெப்பநிலை அளந்தார்கள். 2018இல் வெளியான முடிவு: வேகமாக ஓடியவை, ஆண் நாய்கள், கருநிற ரோமம் உள்ளவை, இவற்றின் உடல் கூடுதலாகச் சூடேறியது. இத்தனைக்கும் அது குளிர் நாடு!

அடுத்த தகவல் இன்னும் திடுக்கிட வைக்கும். நாய்க்கு வெப்பத்தாக்கு என்றால் வெயிலில் பூட்டிய கார்தான் நம் நினைவுக்கு வருகிறது. 2020இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவப் பதிவுகளை அலசியபோது, காரணம் குறிக்கப்பட்ட சம்பவங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு உடற்பயிற்சியால் வந்தவை! ஓடும் ஆசையில் நாய் தன் சூட்டைக் கவனிக்காது, கூட ஓடுகிற மனிதர்தான் கவனிக்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பாவில் பந்தயக் காலம் பெரும்பாலும் இலையுதிர் மாதங்களில் தொடங்கி வசந்தத்தோடு முடிகிறது. வெயில் ஏறினால் அமைப்பாளர்கள் தூரத்தைக் குறைப்பார்கள், ரத்தும் செய்வார்கள். வெப்பத்தாக்கு வந்துவிட்டால் மருத்துவர்கள் சொல்லும் வரிசை: முதலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வியுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சென்னையிலோ மதுரையிலோ ஓட ஆசைப்படுபவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு, விடிவதற்கு முந்தைய நேரத்தையும் தார் இல்லாத மண் பாதையையும் தேர்ந்தெடுக்கட்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை இந்த ஓட்டத்துக்கே அழைத்துப்போக வேண்டாம்.

குளிரில் கதை தலைகீழ்! பனியில் வெறுங்காலோடு ஓடும் நாயின் பாதம் ஏன் உறைவதில்லை தெரியுமா? 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்: பாத மெத்தைக்குள் தமனிகளும் சிரைகளும் ஒட்டி ஓடுகின்றன. உடம்பிலிருந்து வரும் சூடான ரத்தம், பாதத்தில் குளிர்ந்து திரும்பும் ரத்தத்தைச் சூடேற்றியே மேலே அனுப்புகிறது. பென்குவினின் காலில் இருக்கும் ஏற்பாடு இதே வகைதான்!

இனி பயிற்சி. வருடக்கணக்காக 'இழுக்காதே, பக்கத்தில் நட' என்று பழக்கிய நாயை ஒரே நாளில் 'இழு' என்றால் குழம்பாதா? குழம்பாது! கழுத்துப்பட்டை மாட்டினால் பக்கத்தில் நடக்க வேண்டும், ஹார்னஸ் மாட்டினால் முன்னால் இழுக்கலாம் என்று உடுப்பை வைத்தே நாய் பிரித்துக்கொள்கிறது. சில வாரங்களில் ஹார்னஸைக் கையில் எடுத்தாலே துள்ளத் தொடங்கிவிடும். தொடக்கத்தில் நாய்க்குப் பிடித்த ஒருவர் முன்னால் நின்று கூப்பிட வேண்டும். கயிறு இறுகிய கணமே பாராட்ட வேண்டும். ஹார்னஸில் இருக்கும்போது இழுத்ததற்காக ஒருநாளும் திட்டக் கூடாது. ஒரு அதட்டலில் பல நாள் பாடம் கரைந்துவிடும்.

கடிவாளம் கிடையாது, கையில் வார் கிடையாது, குரல் மட்டும்தான்! நாய் வண்டிக்காரர்களின் பழைய சொற்களே இங்கும் வழங்குகின்றன. 'ஹைக்' என்றால் கிளம்பு. 'ஜீ' வலம், 'ஹா' இடம். 'ஈஸி' என்றால் நிதானம், 'வோ' என்றால் நில். 'லைன் அவுட்' என்றால் கயிறு இறுக முன்னால் போய் அசையாமல் காத்திரு. எல்லாவற்றிலும் கடினமானது 'ஆன் பை': அணிலோ ஆடோ இன்னொரு நாயோ எது வந்தாலும் கண்டுகொள்ளாமல் கடந்து போ. எந்த மொழிச் சொல்லானாலும் சரி, ஒன்றுக்கொன்று ஒலி மாறியிருந்தால் போதும். இவற்றை ஓடும்போது கற்றுத் தருவதில்லை. தினசரி நடையில், திருப்பத்துக்குச் சற்று முன்னால் சொல்லைச் சொல்லித் திரும்பினால் ஓட்டத்துக்கு முன்பே மனப்பாடமாகிவிடும். எனக்கு மிகப் பிடித்த பயிற்சி 'ஈஸி'. இறக்கத்தில் நாயின் வேகம் உங்கள் முழங்காலை உடைத்துவிடும்; அங்கே அந்த ஒரு சொல்லுக்கு நாய் தன் இழுவையைத் தளர்த்துகிறது என்றால், அது எத்தனை பெரிய நம்பிக்கை!

குட்டியை ஓட்டக் கூடாது. எலும்பு முனைகளின் வளர்ச்சிப் பகுதி மூட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், பெரிய இனங்களுக்கு இன்னும் கூடுதல். பந்தயங்களிலும் குறைந்தபட்ச வயது உண்டு. வளர்ந்த நாய்க்கும் தொடக்கம் ஒரு கிலோமீட்டர்தான், பாதி நடை பாதி ஓட்டம்; அங்கிருந்து மெல்ல ஐந்து வரை. ஓட்டத்துக்கு முந்தைய சில மணி நேரம் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம்; ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். தண்ணீர் குடிக்க மறுக்கும் நாய்க்கு ஸ்லெட்காரர்கள் கண்ட வழி, தண்ணீரில் கொஞ்சம் இறைச்சிச் சாறு!

புறப்படும் கோட்டில் போய் நின்று பாருங்கள், காது கிழியும் குரைப்பு. 'ஹைக்' சொன்ன நொடியில் அத்தனையும் அடங்கி, மூச்சும் காலடியும் மட்டும் கேட்கும். முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் இதற்கென்றே கலந்து வளர்த்தவை: ஜெர்மன் பாயின்டரும் அலாஸ்கா ஹஸ்கியும் கலந்த யூரோஹவுண்ட், பாயின்டரும் கிரேஹவுண்டும் கலந்த கிரேஸ்டர். நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் அந்தக் கிரேஹவுண்ட் உடல்வாகுதான். பின்வரிசையிலோ ஸ்பேனியல், டெரியர், காப்பகத்திலிருந்து வந்த கலப்பு நாய் என்று எல்லாமே ஓடுகின்றன, குழந்தைகளுக்கும் தனிப்பிரிவு உண்டு.

நாயைப் பின்தொடர்ந்து ஓடுவதன் உச்சம் எது தெரியுமா? 2019 மார்ச்சில் நியூயார்க் அரை மாரத்தானில் நடந்தது. தாமஸ் பானெக் இளம் வயதிலேயே பார்வையை இழந்தவர். அப்போது வழிகாட்டி நாய்களைப் பழக்கும் 'கைடிங் ஐஸ் ஃபார் தி பிளைண்ட்' நிறுவனத்தின் தலைவராக இருந்தார். மனிதத் துணையோடு மாரத்தான்கள் ஓடியவருக்கு, தன் நாயோடு ஏன் ஓட முடியாது என்ற கேள்வி விடவில்லை. வழிகாட்டி நாய்களை நடப்பதற்குத்தான் பழக்குவார்கள், ஓடுவதற்கு அல்ல. அவருடைய நிறுவனம் 2015இல் ஓடும் வழிகாட்டி நாய்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது, அதற்கான ஹார்னஸும் உருவானது. வெஸ்ட்லி, வாஃபிள், கஸ் என்று மூன்று லாப்ரடார்கள். ஒரே நாய்க்கு 21 கிலோமீட்டர் சுமையாகிவிடக் கூடாதே! அஞ்சல் ஓட்டமாக ஆளுக்கொரு பகுதி பிரித்துக்கொண்டன. கடைசிப் பகுதி கஸ்ஸுக்கு. ஆயிரக்கணக்கான கால்களுக்கு நடுவே இடைவெளி தேடி, குழியையும் தடுப்பையும் விலக்கி, சுமார் 2 மணி 21 நிமிடத்தில் பானெக்கைக் கோட்டுக்குக் கொண்டு சேர்த்தன. அந்தப் பந்தயத்தை வழிகாட்டி நாய்களோடு முடித்த முதல் பார்வையற்றவர் அவர்தான்! அதோடு கஸ்ஸுக்குப் பணி ஓய்வு.

நாய்க்கு இதில் நிஜமாகவே சந்தோஷமா என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. அமெரிக்காவில் டேவிட் ரைக்லென் குழு மனிதர்களையும் நாய்களையும் ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு விலங்கையும் டிரெட்மில்லில் ஏற்றி, 30 நிமிட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ரத்தம் பரிசோதித்தது. ஓட்டம் முடிந்தவருக்கு வரும் ஆனந்தத்தோடு தொடர்புடைய அனந்தமைடு என்ற பொருள் மனிதர்களிடம் ஏறியிருந்தது. நாய்களிடமும் ஏறியிருந்தது! நெடுந்தூரம் ஓடப் பிறக்காத ஃபெரெட்டிடம் ஏறவில்லை. மனிதர்கள் வெறுமனே நடந்தபோதும் அந்த ஏற்றம் இல்லை. முடிவுகள் 2012இல் வெளியாயின. கயிற்றின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒரே சமயத்தில், ஒரே பொருள்!