கூட்டாக மனை வாங்கினால் கணக்கை எப்படிப் பிரிப்பது?

ஒருவரால் முடியாத விலையுள்ள மனையை உறவினர்களோ நண்பர்களோ சேர்ந்து வாங்குவது உண்டு. “போட்ட பணத்துக்குத் தக்க லாபம்” என்று வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்வார்கள். பதிவுச் செலவு, சுற்றுச்சுவர், அலைச்சல் எல்லாம் சேரும்போது அந்த ஒரு வரி போதாது. செலவு, லாபம், நஷ்டம் மூன்றுக்கும் ஒரே விகிதம் வேண்டும். மற்ற கொடுக்கல் வாங்கலைத் தனிக்கணக்காக வைக்க வேண்டும்.

விகிதம்

தமிழ்நாட்டில் ஒரு மனை, விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அக்கா 15 லட்சம், தம்பி 9 லட்சம், மைத்துனர் 6 லட்சம் போடுகிறார்கள். விகிதம் 50:30:20.

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 2.70 லட்சம். (வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமானால் அதன் மேல் கணக்கிடுவார்கள்.) வக்கீல், சர்வே செலவு 30,000. இதையும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்காமல் 50:30:20 ஆகவே பிரிக்க வேண்டும். மொத்தம் 33 லட்சத்தில் அக்காவுக்கு 16.50, தம்பிக்கு 9.90, மைத்துனருக்கு 6.60 லட்சம்.

ஒருவர் கையில் பணம் இல்லாதபோது

பிறகு 3 லட்சத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டுகிறார்கள். மைத்துனர் பங்கு 60,000. அவரிடம் இல்லாததால் அக்கா கொடுக்கிறார். இதற்காக விகிதத்தை மாற்றக் கூடாது. பத்திரத்தில் உள்ள பங்கை மாற்ற இன்னொரு பதிவு தேவைப்படும். கடனாக எழுதி வட்டி பேசிக்கொள்வதே எளிது. 9% தனிவட்டியில் மூன்று ஆண்டுக்கு 16,200 சேர்ந்து, கடன் 76,200 ஆகும்.

விற்கும்போது

தரகும் பிற செலவும் போக 46 லட்சம் கைக்கு வருகிறது. போட்ட முதல் 36 லட்சம், லாபம் 10 லட்சம். பங்குப்படி அக்காவுக்கு 23, தம்பிக்கு 13.80, மைத்துனருக்கு 9.20 லட்சம். மைத்துனர் பங்கிலிருந்து கடன் 76,200 அக்காவுக்குப் போகும். மைத்துனர் கையில் 8,43,800 நிற்கும், அக்காவுக்கு 23,76,200.

தம்பிதான் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார் என்றால் அந்த உழைப்புக்கும் விலை உண்டு. லாபத்தில் 10% முதலில் அவருக்கு என்று முன்பே பேசியிருந்தால், 1 லட்சத்தை எடுத்துவைத்துவிட்டு மீதி 9 லட்சத்தை 50:30:20 ஆகப் பிரிக்கலாம். விற்ற பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

நஷ்டமானாலும் இதே விகிதம்தான். வருமான வரியும் அவரவர் பங்குக்குத் தனித்தனியே. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த மனையை விற்றால் மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5%.

எழுதாவிட்டால்?

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கூட்டாக வாங்கியவர்களின் பங்கு அவரவர் கொடுத்த பணத்தைப் பொறுத்தது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் எல்லோருக்கும் சமம் என்றே கொள்ளப்படும். 15 லட்சம் போட்டவரும் 6 லட்சம் போட்டவரும் ஒன்றாகிவிடுவார்கள். மனை வாங்கி விற்பதையே கூட்டுத் தொழிலாகச் செய்தால் 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் வரும். அதில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் எவ்வளவு போட்டிருந்தாலும் லாப நஷ்டம் சரிசமம்.

ஆகவே அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் கொடுங்கள். கிரையப் பத்திரத்தில் ஒவ்வொருவர் பங்கையும் சதவீதத்தில் எழுதச் சொல்லுங்கள். கடன் வட்டி, உழைப்புக்கு ஊதியம், எப்போது விற்பது ஆகியவற்றைத் தனி ஒப்பந்தமாக எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். கூட்டு உரிமையாளர் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே, விலக நினைப்பவர் முதலில் மற்றவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.